6 மீட்டர் உயர பிளாக் சுவருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு: நடுவில் ஒரு பீம் போதுமா?

கேள்வி: பிறை ஸ்டோர்

பினாங்கின் பிறையில் ஒரு ஸ்டோர். இரும்புத் தூண்களுக்கு இடையே 6 மீட்டர், சுவர் உயரமும் 6 மீட்டர், 140 மி.மீ. ஹாலோ பிளாக். சுவர் உச்சிக்கும் ஈவ்ஸ் பீமுக்கும் (கூரை ஓரத்து பீம்) நடுவே 50 மி.மீ. சந்து, அங்கே வரைபடத்தில் எந்தப் பிடிப்பும் இல்லை. பாதி உயரத்தில் சுவர் கனத்துக்கே காங்கிரீட் பீம் ஓட்டி, முகத்துக்கு 2 டி12 (12 மி.மீ.) கம்பி வைத்தால் போதும் என்கிறார் கங்காணி. சரிதானா?

பதில்: சுவர்க் கணக்கு

முதலில் அந்தச் சந்தைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 5628 பகுதி 1 (2010இல் விலக்கப்பட்டாலும் விரைவாகச் சரிபார்க்க உதவும்) கனத்தை வைத்தே அளவைக் கட்டுப்படுத்துகிறது. உச்சி பிடிப்பில்லாமல் மூன்று பக்கம் மட்டும் பிடித்த சுவருக்குப் பரப்பு 1350 × கனம்², அதாவது 26.5 ச.மீ. உங்களுடையது 36. இரண்டு பக்கம் தொடர்ச்சியாக (ஓரத்தைத் தாண்டியும் சுவர் நீண்டு) இருந்தாலும் 29.4தான். உச்சியையும் பிடித்தால் 2025 × கனம்² = 39.7 ச.மீ., அடங்கிவிடும். உயரமோ நீளமோ கனத்தைப்போல் 50 மடங்கைத் தாண்டக் கூடாது: 7 மீட்டர், அதுவும் சரி. 190 மி.மீ. பிளாக் என்றால் உச்சி பிடிக்காமலேயே 48.7 கிடைக்கும்.

இது அளவு வரம்பு மட்டுமே. காற்றுக்குத் தாங்குமா என்பது தனிக் கணக்கு.

பதில்: கம்பிக் கணக்கு

அந்த பீம் வேண்டாம் அண்ணே. சுவரைப் பிடிக்கும் எதுவும் சுவரைவிட விறைப்பாக இருக்க வேண்டும், வாங்கிய சுமையைத் தூணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். காற்றழுத்தம் 0.5 கி.நி. (கிலோநியூட்டன்)/ச.மீ. என்று வையுங்கள். பீமுக்கு வருவது 3 மீட்டர் உயரச் சுவரின் சுமை, மீட்டருக்கு 1.5 கி.நி. 6 மீட்டர் பாய்ச்சலில் வளைவுத் திருப்பம் (பீமை வளைக்கும் விசை) 6.75 கி.நி.மீ.; பாதுகாப்புக்காக 1.4 ஆல் பெருக்கினால் 9.45. பீமின் மேல்-கீழ் அளவு 300 மி.மீ. என்றால் முகத்துக்கு ஏறத்தாழ 300 ச.மி.மீ. கம்பி தேவை; 2 டி12 தருவது 226.

2 டி16 போட்டாலும் தீராது. கம்பியை மூடும் காங்கிரீட் (கவர்), சுற்றுக் கம்பி (ஸ்டிரப்) போக, காற்றடிக்கும் திசையில் பயனுள்ள கனம் 100 மி.மீ.தான். பாய்ச்சல் 6000ஐ இந்த 100ஆல் வகுத்தால் 60. எளிய பீமுக்கு வழக்கமான தொடக்க எல்லை 20. பீம் சுவரோடு சேர்ந்தே வளையும்.

உச்சியைப் பிடியுங்கள். கணக்கில் இன்னும் குறைந்தால், தூண்களுக்கு நடுவே, 3 மீட்டரில், சுவருக்கு வெளியே துருத்தும் ஸ்டிஃபனர் தூண் வையுங்கள், அடியும் உச்சியும் கட்டிடத்தோடு பிணைந்ததாக.

பதில்: பிணைப்பு வேலை

உச்சியில் சுவரின் இரு பக்கமும் இரும்பு ஆங்கிளை ஈவ்ஸ் பீமில் மட்டும் பற்றவையுங்கள்; சுவரில் போல்ட் அடிக்க வேண்டாம். 600 மி.மீ.க்கு ஒன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 0.9 கி.நி. வரும். பீம் பக்கவாட்டில் இதைத் தாங்குமா என்று இன்ஜினியர் பார்க்க வேண்டும். சந்தில் சாந்து திணிக்காதீர்கள். கூரை இறங்கும்போது எடை சுவர்மேல் ஏறிவிடும். அமுங்கும் ஃபோம் போடுங்கள்.

தூணில் இரண்டு வரிசைக்கு ஒரு டை (சுவரைத் தூணோடு பிணைக்கும் இரும்பு). எக்ஸ்மெட்டை (இரும்பு வலைப் பட்டை) ஆணியடித்து மடக்கிவிடுவது போதாது, கிழியும். காங்கிரீட் பிளாக் உலரும்போது சுருங்கும், அதனால் தூணருகே 10 மி.மீ. ஜாயிண்ட் விடுங்கள், டை சுவர் நீளவாக்கில் நழுவலாம், காற்றடிக்கும் திசையில் நழுவக் கூடாது. டை இல்லாத ஜாயிண்ட், பிடிப்பில்லாத ஓரம்தான்.

கட்டும்போதே சுவர் விழும் ஆபத்து உண்டு. பிடிப்பின்றித் தனியே நிற்கும் உயர வரம்பு 12 × கனம், இங்கே 1.68 மீட்டர். நாளுக்கு 1.5 மீட்டருக்குமேல் ஏற்றாதீர்கள். சுவர் அந்த 1.68 மீட்டரைத் தாண்டினால் இரு பக்கமும் முட்டு. ஆங்கிள் பொருத்தும்வரை எடுக்காதீர்கள்: சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்று பல நேரம் விடியுமுன் அடிக்கும், தளத்தில் ஆள் இருக்காது.

கேள்வி: பிறை ஸ்டோர்

நன்றி. இரு தூண்களுக்கு இடையிலான ஒரு தடுப்பில் 4 மீட்டர் ரோலர் ஷட்டர் வருகிறது. அங்கேயும் இதே கணக்கா?

பதில்: கம்பிக் கணக்கு

இல்லை. திறப்பின் இரு ஓரமும் பிடிப்பில்லாதவை, ஷட்டர் வாங்கும் காற்றும் அங்கேதான் வரும். இரு பக்கமும் அடியிலிருந்து ஈவ்ஸ் பீம்வரை இரும்புத் தூண் வையுங்கள், மேலே லிண்டலை அதில் உட்கார்த்துங்கள். அந்தத் தடுப்பை இன்ஜினியர் தனியாகக் கணக்கிட்டுக் கையெழுத்திடட்டும்.