மின்ட் நிறுவும்போது பாதியில் நின்றுவிடுகிறது

ஆயர் ஈத்தாம், பினாங்கு: அண்ணன்மார்களே, பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம்) போடுகிறேன், கோப்புகள் நகலாகும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை காட்டி அப்படியே நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

செந்தூல்: பிழை இடம் மாறிக்கொண்டே இருந்தால் எனக்கு ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) மேல்தான் சந்தேகம், தம்பி. முதலில் நீங்கள் இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (மின்ட் நிறுவும் கோப்பு) எஸ்எச்ஏ256 எண், அதாவது கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண், மின்ட் தளத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை ஓட்டுங்கள், 6ஆம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) கணினியிலும் ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள்.

பட்டர்வொர்த்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரு ரேமை மட்டும் வைத்துப் பாருங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு ரேமின் உலோக முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு: ஒரு ரேமில் பிழை வந்தது, கழற்றியதும் மின்ட் ஏறிவிட்டது! ரொம்ப நன்றி அண்ணா.

செந்தூல்: புதிது வாங்கும்போது உங்கள் ரேம் வகை டிடிஆர்3யா டிடிஆர்4ஆ என்று பாருங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.