சா. கணேசன்: கம்பன் அடிப்பொடியின் அரசியல் வாழ்க்கை

செக்காலை வாசி:
கம்பன் அடிப்பொடி என்றதும் காரைக்குடியில் பங்குனி விழாவும் மணிமண்டபமும் நினைவுக்கு வருகின்றனவே அன்றி, 1962 தேர்தலில் இதே தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றவர் அவர் என்பது இளையோர் பலருக்குத் தெரிவதில்லை. காங்கிரஸில் வளர்ந்து, விடுதலைப் போரில் சிறை சென்ற ஒருவர், காமராசரின் தலைமையில் அந்தக் கட்சி மாநிலம் முழுவதும் வென்ற ஆண்டில், அதை எதிர்த்து ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில் வென்றது எப்படி? ராஜாஜியின் செல்வாக்கா, கம்பன் கழகத்தின் செல்வாக்கா?

கோட்டையூரார்:
ராஜாஜியின் பெயர் மட்டுமே போதும் என்றால் அக்கட்சி இன்னும் பல இடங்களில் வென்றிருக்க வேண்டும். அன்றைய 206 தொகுதிகளில் அதற்குக் கிடைத்தவை 6 மட்டுமே. காரணத்தை நம் ஊர்களில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிடும் கூட்டுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியதும், அதே ஆண்டில் அதற்கு எதிராகச் சுதந்திராக் கட்சி பிறந்ததும் தெரிந்தவையே. பர்மாவில் லேவாதேவியால் (வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலால்) கைக்கு வந்த நிலங்களை அங்கு 1948இல் இயற்றப்பட்ட நிலச் சட்டத்தால் இழந்து நின்ற இப்பகுதி நகரத்தார் (செட்டியார்) குடும்பங்களுக்கு, அரசு நிலத்தில் கைவைக்கும் என்ற பேச்சு வெறும் மேடை முழக்கமாகக் கேட்டிருக்காது. ஆனால் நகரத்தார் வாக்கு மட்டுமே ஒரு தொகுதியை வென்று தராது.

நாட்டரசன்கோட்டையிலிருந்து:
கோட்டையூர் ஐயா விட்ட இடத்தில் கம்பன் கழகம் வருகிறது. 1939இல் கணேசன் தொடங்கிய கம்பன் விழா மூன்று நாள் காரைக்குடியிலும், பங்குனி அத்த நட்சத்திரத்தன்று எங்கள் ஊரில் கம்பன் சமாதியிலும் நடப்பது. திராவிட இயக்கம் கம்பனைக் கடுமையாகத் தாக்கிய 1940களில் அதை விடாமல் நடத்தியவர், பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்துக்கும் அந்த மேடையில் இடம் தந்தார். காரைக்குடியில் அவர் முயற்சியால் எழுந்த தமிழ்த்தாய்க் கோயிலுக்கு 1975இல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய முதல்வர் கருணாநிதி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கட்சி வேற்றுமைக்கு அப்பால் அவருக்கு இருந்த மதிப்பே வாக்காயிற்று என்று நினைக்கிறேன். (கோயில் 1993இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார்.)

செக்காலை வாசி:
இருவருக்கும் நன்றி. ஆயினும் ஓர் ஐயம்: தனிமனித மதிப்பே காரணம் என்றால், 1967இல் வேறொருவர் நின்றபோதும் இத்தொகுதி சுதந்திராக் கட்சிக்கே கிடைத்தது ஏன்?

கோட்டையூரார்:
1967இல் அக்கட்சி தி.மு.க. கூட்டணியில் இருந்தது, உணவுப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் காங்கிரஸுக்கு எதிராகத் திரும்பியிருந்தன. ஆகையால் அந்த வெற்றியை இதற்கு அளவுகோலாக்க இயலாது. கணேசன் பின்னர்ச் சட்ட மேலவையிலும் இருந்தார். தேர்தலில் வென்ற விதத்தை விட, 1962 முதல் ஐந்தாண்டுகள் அவர் பேரவையில் எவற்றைப் பேசினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அச்சான பேரவை நடவடிக்கைக் குறிப்புகளை யாரேனும் நூலகத்தில் புரட்டிப் பார்த்தால், அவற்றை இங்கே வரிசையாகப் பதியலாம்.