ஊர்முறையோட கனடாக் குசினியை நடத்தலாமா?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து ஒன்ராறியோ போய்ச் சாப்பாட்டுக் கடை போடுற பெண்கள் ஆறேழு பேரை வேலைக்கு வச்சா மாமி, மச்சி, புள்ள எண்டுதான் நடத்துறாங்க. சாவியும் கணக்கும் கடைக்காரியிட கையில. இது எங்கட ஊர்முறையா? அங்க எங்க இடிக்கும்?

படுவான்கரை:
ஊர்முறைதான். குடி, அதாவது குலம், தாய்வழி, வீடுவளவு சீதனமா மகளுக்கு, மாப்பிள்ளை வந்து இருக்கிறவர். வீட்டுக்காரி சொல்லுக்கு மறுசொல் இல்லை எண்டு பிள்ளைகள் பார்த்தே வளருதுகள். ஆனா குடி பெண்வழியா வந்தாலும், கோயிலில வண்ணக்கரா, அதாவது கோயில் நிர்வாகப் பொறுப்பாளரா, இருந்து பேசுறது ஆம்பிளைகள். அந்தப் பழக்கமும் கூடவே கப்பலேறிரும்: குசினிக்குள்ள அவ அதிகாரி, வங்கிக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் புருசன். முதல்ல திருத்த வேண்டியது இதுதான். ஒப்பந்தத்தில அவட பேரும் கையெழுத்தும் இருக்கணும். சுகாதாரப் பரிசோதகர் வந்தா அவதான் பேசணும்.

அக்கரைப்பற்று ராத்தா:
முஸ்லிம் ஊர்களிலயும் குடி தாய்வழிதான், பள்ளிவாசல் நிர்வாகத்தில குடிக்காக நிக்கிற மரைக்கார் ஆம்பிளைதான். சரியாச் சொன்னீங்க.
இடிக்கிறது நேரத்தில. "புள்ள, கொஞ்சம் நிண்டிட்டுப் போ" எண்டா ஊரில ஒத்தாசை, அங்க சம்பள நேரம். கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினா ஒன்றரை மடங்கு. 48 மணித்தியாலம் நிண்ட மச்சிக்கு 50 மணித்தியாலச் சம்பளம். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் விடாம தொடர்ந்து 5 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்கவும் கூடாது. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எண்டு ஒரு கொப்பி போடுங்க. ரொட்டிக்கல்லுக்குப் பக்கத்தில வேணாம், எண்ணெயில எழுத்து அழிஞ்சிரும், கதவடியில கட்டிவிடுங்க.

வாவிக்கரை:
சீட்டையும் சொல்லணும். 10 பேர், மாசம் 200 டொலர். மூன்றாம் மாசம் 2,000ஐ எடுத்தவ அதோட வேலையை விட்டா 1,400 துண்டு விழும். முதலாளியே சீட்டுப் பிடிச்சிருந்தா அதைக் கடைசிச் சம்பளத்தில கழிக்கத்தான் கை போகும். தொகை குறிச்சு எழுத்தில சம்மதம் இல்லாமக் கழிக்க ஏலாது. சீட்டை வேற ஒராள் பிடிக்கட்டும்.

படுவான்கரை:
இன்னொண்டு, சாடைப் பேச்சு. கறியில உப்புக் கூடினா பக்கத்தில நிக்கிறவளுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லுவோம். உரியவளுக்கு விளங்கும், முகமும் முறியாது. உப்புக்கு அது நல்ல முறை. "சோறு வெளியில கிடக்குது போல" எண்டா, தமிழ் தெரிஞ்ச வேற ஊர்க்காரிக்குக்கூட அது கட்டளையாப் படாது. சோத்தை 60 பாகை செல்சியசுக்கு மேல சூடா, இல்லாட்டி 4 பாகைக்குக் கீழ குளிரா வை எண்டு ஆளைப் பார்த்து, பேரைச் சொல்லிச் சொல்லணும். வேற இனத்து ஆள் ஒருத்தி நிண்டா, மற்றவங்க எல்லாரும் மச்சி, அவ மட்டும் பேர். அவவுக்கும் ஒரு முறை வச்சுக் கூப்பிடுங்க.

கல்லடிப்பாலம்:
வயசுக்கு மூத்தவ எண்டா அக்கா எண்டே கூப்பிடச் சொல்றன்.