சூடானதும் நின்றுபோன புல்லட்

மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், திருவொற்றியூர் ஆலையில் 1978ஆம் ஆண்டு தயாரான அப்பாவின் புல்லட் 350, ஆறு வருடங்களாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. அதற்கிருந்த நோய் ஒன்றுதான். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். நாலைந்து கிலோமீட்டர் ஓடி எஞ்சின் சூடேறியதும் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் நன்றாக ஓடும். பட்டறை ஒன்றில் காட்டியபோது, எஞ்சினை இறக்கி, சிலிண்டரைப் போர் செய்து (உள்ளே குடைந்து அகலப்படுத்தி), புது பிஸ்டன் போட வேண்டும் என்றார்கள். அதற்கு அப்போது அப்பாவிடம் பணம் இல்லை.

சென்ற சித்திரைத் திருவிழா விடுமுறையில் நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். டேங்கைக் கழுவியதும் கார்புரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்ததும் ஒரு பகல் வேலை. மறுநாள்தான் பாயிண்ட் மூடியைக் கழற்றினேன். பிளக்கில் பொறி வரவேண்டிய கணத்தில் விலகி, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டு உலோக முனைகள்தான் பாயிண்ட். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்ததில் அது சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டு முனைகளும் கரிபிடித்து, ஒன்றில் குழியும் எதிரே உள்ளதில் சிறு மேடுமாகக் கிடந்தன.

அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தி, இருட்டிய பிறகு, மூடியைப் போடாமலே எஞ்சினை ஓடவிட்டு அருகில் குனிந்து பார்த்தேன். முதலில் ஊசிமுனை அளவு பொறிதான் தெரிந்தது. பத்து நிமிடத்தில் சிலிண்டர் கொதிக்கத் தொடங்க, அந்தப் பொறி நீலமாகத் தடித்துப் பாயிண்டுகளுக்கிடையே விடாமல் எரிந்தது. சற்று நேரத்தில் எஞ்சின் விக்கி நின்றது. பாயிண்ட் விலகும் கணத்தில் அங்கே பாய முயலும் மின்சாரத்தைக் கண்டென்சர் வாங்கிக்கொண்டால்தான் காயிலிலிருந்து பிளக்குக்குப் பலமான பொறி கிடைக்கும். சூட்டில் கண்டென்சர் கசிந்ததால், பிளக்குக்குப் போக வேண்டிய பலம் பாயிண்டிலேயே எரிந்து தீர்ந்திருக்கிறது. பிஸ்டன்மீது எந்தக் குற்றமும் இல்லை. இத்தனை வருடச் சந்தேகம் என் கண்ணெதிரே விடிந்த அந்த நிமிடத்தின் நிறைவை, பின்னால் வண்டியை ஓட்டியபோதுகூட நான் அடையவில்லை.

மறுநாள் டவுனில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடையில் கண்டென்சர் கேட்டேன். பெரியவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, “பாயிண்டையும் சேத்து மாத்திருங்க தம்பி, இல்லேன்னா மறுபடி கரிச்சுப்போகும்” என்றார். இரண்டும் சேர்ந்தே பெட்ரோல் செலவை விடக் குறைவாகத்தான் வந்தது.

மாற்றி முடித்து, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே தாண்டவிட்டு, முழுதாக உதைத்தேன். பிடித்துக்கொண்டது. யானைமலை ஓரமாக நரசிங்கம்வரை சென்று, பிறகு மேலூர் சாலையில் வெகுதூரம் ஓட்டி, எஞ்சின் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தபோது வேண்டுமென்றே அணைத்தேன். கொஞ்சமும் ஆறவிடாமல் மறுபடி உதைத்தேன். முதல் உதையிலேயே ஓடியது.