கார்டிசெபின்: தூய சேர்மமா, முழுச் சாறா?

வேதியன்:
கார்டிசெபினை மார்பகப் புற்றுக்குச் சோதிப்பதே வீண். அடினோசினைப் போன்ற இந்தச் சேர்மத்தைக் கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ் பூஞ்சையிலிருந்து 1950லேயே பிரித்தெடுத்தாகிவிட்டது. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களைப் பாதியாக்க 50, 100 மைக்ரோமோலார் என்று கேட்கிறது. இரத்தத்தில் அந்த அளவு நிற்கவே நிற்காது.

குழித்தட்டு:
அந்த எண்ணில், செல் வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்கும் சீரத்துக்கும் பங்கு உண்டு. கன்றுக் கருச் சீரத்தில் இருக்கும் அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி, கார்டிசெபினின் அமினோ தொகுதியைக் கழற்றிச் செயலிழக்க வைக்கிறது. 72 மணி நேரச் சோதனையின் பிற்பகுதியில் தட்டின் குழிக்குள் மருந்தே இருக்காது. அந்த நொதியைத் தடுக்கும் இஎச்என்ஏவை 10 மைக்ரோமோலார் அளவில் ஒரு மணி நேரம் முன்பே போட்டு, அதே மருந்து அளவு வரிசையை ஓட்டுங்கள். ஐசி50, அதாவது செல்களைப் பாதியாக்கும் அளவு, இறங்கினால் காரணம் நொதிதான். இஎச்என்ஏ மட்டும் போட்ட குழிகள் கட்டாயம் வேண்டும்.

கரைசலிலும் பலர் சறுக்குகிறார்கள். மூலக்கூறு எடை 251. ஒரு மி.லி. டிஎம்எஸ்ஓ கரைப்பானில் 2.5 மி.கி. கரைத்தால் 10 மில்லிமோலார். அதை வைத்து 100 மைக்ரோமோலார் போட்டால் குழியில் டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். செல் செத்தது எதனால் என்றே சொல்ல முடியாது. 25 மி.கி. கரைத்து ஆயிரம் மடங்கு நீர்த்தால் 0.1 சதவீதத்தோடு நிற்கும்.

பூஞ்சைப்பித்தன்:
இதற்குத்தான் முழுச் சாறு வேண்டும் என்கிறேன். இதே பூஞ்சை பெண்டோஸ்டேட்டினையும் தயாரித்து, அந்த நொதியிடமிருந்து கார்டிசெபினைக் காக்கிறது என்று 2017லேயே காட்டிவிட்டார்கள். காவலைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொருள் பலவீனம் என்றால் எப்படி?

வேதியன்:
பெண்டோஸ்டேட்டின் ஹேரி செல் லுகேமியாவுக்குத் தரும் மருந்து, சத்துப் பொடி அல்ல. அந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு லிம்போசைட்டுகள் அழிந்து நோய் எதிர்ப்பே இல்லாமல் போகிறது. கீமோவில் வெள்ளணு ஏற்கெனவே விழுந்து கிடக்கும் நோயாளிக்கு அளவு தெரியாத சாற்றைக் கொடுப்பீர்களா? ஒவ்வொரு வளர்ப்பிலும் இரண்டின் விகிதமும் மாறும். கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியில் அளந்து காட்டாத சாற்றை வைத்துச் செய்வதைச் சோதனை என்றே ஏற்க மாட்டேன். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் உயிருள்ள செல்லைக் காட்டும் எம்டிடி சாயத்தைச் செல்லே இல்லாத குழியிலும் ஊதாவாக்கும். செத்த செல் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும்.

பூஞ்சைப்பித்தன்:
அளந்துதான் ஆக வேண்டும், அதில் சண்டை இல்லை. எம்டிடிக்குப் பதில் புரதத்தில் ஒட்டும் எஸ்ஆர்பி சாயம் போடுங்கள், அந்தக் கோளாறு போய்விடும். நான் கேட்பது நோயாளிக்கு அல்ல, தட்டுக்கு. சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து எது செல்லைக் கொல்கிறது என்று பார்ப்பதில் என்ன தவறு?

குழித்தட்டு:
தவறில்லை, ஆனால் முதலில் செல் வளர்ப்பில் கலந்துவிடும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்குப் பிசிஆர் பாருங்கள். அதன் நொதிகளும் கார்டிசெபின் போன்ற நியூக்ளியோசைடு மருந்துகளைச் சிதைக்கும். வேதியனுக்கு ஒன்று: கார்டிசெபினில் பாஸ்பேட்டை முன்பே ஒட்டி மறைத்த என்யூசி-7738 மனிதச் சோதனைக்கே போய்விட்டது. மூலக்கூறு வீண் என்றால் அது எப்படி?

வேதியன்:
அந்த மாற்றம் தேவைப்பட்டதே என் வாதத்துக்குச் சான்று. வெறும் கார்டிசெபினை இஎச்என்ஏவோடும் இல்லாமலும் எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுச் செல்லிலும், புற்றில்லாத மார்பகச் செல்லான எம்சிஎஃப்-10ஏவிலும் சேர்த்தே ஓட்டுங்கள். இரண்டும் ஒரே அளவில் செத்தால் எலிச் சோதனைக்குப் போகவே கூடாது.