உதறல், அலைச்சல், பின்சாய்வு: ஸ்டீரிங் கோளாறுகளுக்குச் சொல் தேடி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் அகராதிக்காக, பெரிய ஆஃப்ரோடு டயர் மாட்டிய வண்டிகளில் வரும் ஸ்டீரிங் கோளாறுகளுக்கு இதுவரை அதிர்வு, நடுக்கம், தடுமாற்றம், நிலையின்மை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கும் நல்ல தமிழ். ஆனால் ஷிம்மிக்கும் (முன்சக்கரங்கள் இடவலமாக அடித்துக்கொள்வது) வாண்டருக்கும் (வண்டி நேராகப் போகாமல் மெல்லத் திசை மாறிக்கொண்டே இருப்பது) இவற்றையே மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம். என் கவலை அதுதான். இரண்டும் வேறு வேறு கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்யும் வேலையே அளவு மீறினால் மற்றதைக் கிளப்பிவிடும். ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளை கையில் குழம்பிய சொல்லைக் கொடுத்தால், அவன் தவறான நட்டைத்தான் திருகுவான்.

மதுரை பைபாஸ் ரோட்டில் வீல் அலைன்மென்ட் பார்ப்பது என் தொழில். ஆகவே வண்டிக்காரர்கள் வாயில் என்ன சொல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். "ஸ்டீரிங் உதறுதுண்ணே." "வண்டி அலையுதுண்ணே, ரோட்ல நிக்க மாட்டேங்குது." "லெஃப்ட்ல இழுக்குதுண்ணே." இந்த மூன்றுதான். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநரும் சரி, சிறுமலைக்குப் போய்வர வண்டி வாங்கிய இளைஞரும் சரி, உதறுவதை அலைவதென்றோ அலைவதை உதறுவதென்றோ சொல்லிக் கேட்டதில்லை. பிரித்தறியும் வேலையை அவர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து.

உதறல் என்ற ஒன்றைமட்டும் நாம் இன்னும் கொஞ்சம் பிரிக்க வேண்டும். "எண்பதுல உதறுது, தொண்ணூறத் தாண்டினா அடங்கிருது" என்பது ஒரு வகை. இது சக்கரம் சுற்றுவதோடு பிறப்பது. 195/80 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. ஆகிறது. அந்தப் பெரிய டயர் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 9.6 தடவை சுற்றுகிறது. எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குத்து. பள்ளிப் பாடநூலில் திணிப்பு அதிர்வு என்று படித்தோமே, அதுவேதான். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பெருகுவது ஒத்ததிர்வு. இதற்கு அதிர்வு என்ற சொல்லே போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

பேலன்சிங் செய்தும் இந்த அதிர்வு போகவில்லை என்றால் டயரோ ரிம்மோ வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்குப் பக்கத்தில் அசையாமல் ஒரு கம்பியை நிறுத்திச் சுற்றிவிட்டால் ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியும். வட்டம் கெட்ட டயருக்கு எத்தனை ஈயம் ஒட்டினாலும் பயனில்லை. ரிம்மின் நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக உட்காராமல், போல்ட்டை மட்டும் நம்பி நிற்கும் வெளி அலாய்களிலும் இதே தொல்லை வரும். அதிர்வு கையில் தெரிந்தால் முதலில் முன்சக்கரத்தைப் பாருங்கள், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரத்தை. வண்டியைத் தூக்கிக் கட்டியபிறகு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும், இதைவிடப் பல மடங்கு வேகமாக ரீங்கரிப்பது போல வந்தால் அது டயரே இல்லை. கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு மாறிப்போனதுதான்.

இன்னொரு வகைதான் உண்மையான ஷிம்மி. நத்தம் சாலையில் 7.3 கி.மீ. உயர்மட்டப் பாலத்தில் ஒரு ஜாயிண்ட்டில் முன்சக்கரம் ஏறி இறங்குகிறது. உடனே இரண்டு சக்கரமும் இடவலமாக அடித்துக்கொள்கின்றன. குத்து ஒன்றுதான், அதன்பிறகு ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. வேகத்தைக் குறைத்தாலொழிய நிற்காது. இதன் உச்சநிலையை டெத் வாபிள் என்பார்கள். பழைய மஹிந்திரா மேஜர் போலவோ ஜிம்னி போலவோ, முன்சக்கரம் இரண்டையும் ஒரே அச்சு இணைத்திருக்கும் வண்டிகளுக்கே உரிய ஆபத்து அது. முன் அச்சையும் சக்கரங்களையும் பிடித்திருக்கும் இணைப்புகளான டிராக் ராடு புஷ், கிங் பின் பேரிங், டை ராடு எண்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும். கனமான டயர் அந்தத் தளர்ச்சியை வெளியே கொண்டுவருகிறது. ஆட்டத்தை அடக்கும் ஸ்டீரிங் டேம்பர் மாட்டினால் ஆட்டம் மறையுமே தவிர, தளர்ந்தது தளர்ந்தபடிதான் இருக்கும். உதறல் என்ற சொல்லை இதற்கு மட்டும் ஒதுக்கிவிடலாம் என்கிறேன். டெத் வாபிளுக்குப் பேருதறல்.

அடுத்து வாண்டர். ஆடிக்காற்றில் ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டித் தேனிப் பக்கம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கையில் ஆட்டம் எதுவும் இருக்காது. ஆனால் வண்டி மெல்ல இடப்பக்கம் போகும், திருத்தினால் வலப்பக்கம் போகும், திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. இதைத்தான் "அலையுது" என்கிறார்கள். அலைச்சல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"பெரிய டயர் போட்டதால அலையுது" என்று பரவலாகச் சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. முன்சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும், அதுதான் கேஸ்டர். அந்த அச்சைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையில் போய் முட்டும். இந்த இடைவெளி, அதாவது டிரெயில், இருப்பதால்தான் சக்கரம் நேராக நிற்க விரும்புகிறது. சாய்வு 4 பாகை என்று கொண்டால் 195/80 டயரில் இடைவெளி சுமார் 24 மி.மீ. 235/75 போட்டால் 26 மி.மீ. பெரிய டயர் இதைக் கூட்டத்தான் செய்கிறது! ஆனால் அந்த டயர் உரசாமல் இருக்க வண்டியைத் தூக்குகிறோம். தூக்கியதும் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, சக்கரம் திரும்பும் அச்சின் தலை முன்னால் கவிழ்கிறது. 2 பாகை போய்விட்டால் இடைவெளி 13 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். அலைச்சலுக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான்.

வருந்தத்தக்கது என்னவென்றால், அலைன்மென்ட் மெஷின் இந்த எண்ணைத் தாளில் அச்சிட்டே கொடுக்கிறது. ஒரே அச்சு வண்டிகளில் டை ராடைத் திருகி மாற்றக்கூடியது டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மட்டும்தான் என்பதால், திரையில் டோ பச்சையானதும் "முடிஞ்சிருச்சு" என்று அனுப்பிவிடுகிறார்கள். கேஸ்டர் என்று எழுதியிருக்கும் வரியை வண்டிக்காரர் தாண்டிப் போகிறார், அந்தச் சொல் அவருக்கு எதையும் காட்டாததால்.

ஆகவே என் பரிந்துரை: கேஸ்டருக்குப் பின்சாய்வு. எதிர்மறை கேஸ்டருக்கு முன்சாய்வு. சக்கரமே வெளியேயோ உள்ளேயோ சாய்ந்திருக்கும் கேம்பருக்குப் பக்கச்சாய்வு. சக்கரம் திரும்பும் முளையான கிங் பின் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது உட்சாய்வு. டோ-இன், டோ-அவுட் இரண்டுக்கும் முன்குவிவு, முன்விரிவு. கேட்டவுடன் எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று தெரிகிறது.

அன்புடன்,
மதுரையிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

பின்சாய்வு, முன்குவிவு இரண்டும் அருமை. உதறலும் சரியே, குளிர்காய்ச்சலில் உடம்பு உதறுவதை நினைத்துக்கொண்டேன், ஒரு முறை தொடங்கினால் நம் கட்டுப்பாட்டில் இல்லை. அலைச்சல்தான் உறுத்துகிறது. "ரொம்ப அலைச்சல்" என்றால் நம் ஊரில் களைப்பு என்றுதான் பொருள். அகராதிக்குப் போகும் சொல் என்பதால் அலைவு என்று சுருக்கிக்கொள்ளக் கூடாதா? இன்னொன்று, டிரெயிலுக்குச் சொல்லே தராமல் இடைவெளி என்று கடந்துவிட்டீர்கள். அதில்லாமல் பின்சாய்வு ஏன் வேண்டும் என்று மாணவருக்கு விளக்க முடியாதே.

மேலூரிலிருந்து, ஒரு தமிழாசிரியர்

*

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அலைவு வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இயற்பியலில் ஊசலின் ஆட்டத்துக்கு அலைவு என்றும், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்துக்கு அலைவு நேரம் என்றும் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டோம். அந்த இலக்கணப்படி பார்த்தால் அலைவு என்பது உதறலைத்தான் குறிக்கும். வாண்டருக்கு அதை வைத்தால் எந்த இரண்டைப் பிரிக்கப் புறப்பட்டோமோ அந்த இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டுவிடுவோம். அலைச்சலில் களைப்பு ஒலிப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட வண்டியைக் கம்பம் வரை ஓட்டியவரின் தோள்பட்டையைக் கேட்டால் தெரியும். தனியே நிற்கும்போது குழப்பம் வருமென்றால் தலைச்சொல்லைத் திசையலைச்சல் என்று வைத்து, புழக்கத்தில் அலைச்சல் என்று விட்டுவிடலாம்.

டிரெயில் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். அதன் தண்டு முன்னே போகிறது, சக்கரம் பின்னே தொடர்ந்து போகிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானே நேர்ப்படுகிறது. ஆகவே பின்தொடர் நீளம் என்று முன்மொழிகிறேன். அதே சக்கரம், தாழ்வாரத்தில் வேகமாகத் தள்ளும்போது படபடவென்று அடித்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். முதல் மடலில் ஒன்றைச் சரிசெய்யும் வேலை மற்றதைக் கிளப்பும் என்றேனே, அது இதுதான். அலைச்சல் போகட்டும் என்று ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே தடித்த ஆப்பு வைத்துப் பின்சாய்வை அளவுமீறி ஏற்றினால், ஏற்கெனவே தளர்ந்த புஷ் உள்ள வண்டி உதறத் தொடங்கும். தளர்ச்சியை முதலில் தீர்த்து, அதன்பிறகு பின்சாய்வைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவருவதுதான் வரிசை. பட்டை இல்லாத வண்டிகளில் ஆப்புக்குப் பதில் துளை நடுவில் இல்லாத புஷ்.

அலைச்சல் என்ற பதிவில் ஒரு குறிப்பையும் சேர்க்க வேண்டுகிறேன்: காற்றழுத்தம் குறைந்திருப்பது, உயரமான மண் டயரின் கட்டைகள் நெளிவது, ரிம் வெளியே தள்ளி நிற்பது, ஸ்டீரிங் பாக்ஸ் பிளே (உள்ளே இருக்கும் தளர்வு), இவையும் காரணங்களே. பின்சாய்வை மட்டும் எழுதினால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்வார்கள். அழுத்தமானி வைத்துப் பார்ப்பது காசு செலவில்லாத வேலை, அதுதான் முதலில்.

வண்டிக்காரர்கள் சொல்லும் மூன்றாவது குறையான இழுப்பு பற்றி இங்கே எழுதவில்லை. அந்தச் சொல்லுக்கு மூச்சிழுப்பு, வலிப்பு என்று வேறு பொருள்களும் ஊரில் வழங்குவதால் அது தனி இழைக்குரியது. மற்றவற்றுக்கு மறுப்பு இல்லையென்றால் பதிவுகளை நானே எழுதி அனுப்புகிறேன். எழுத்துப்பிழை பார்க்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால் நன்று.