காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று கிளம்பிய நாட்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

140 மணி நேரம் பறந்த உறுப்பினர்:

தனியார் விமானி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை பறந்த நேரத்தில் பெரும்பகுதி, காலையில் புறப்பட்டு நூறு கடல் மைலுக்குள் இருக்கும் ஏதேனும் ஒரு சிறிய ஓடுதளத்தில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் ஒருநாள் பயணங்களில் கழிந்ததுதான். போகும்போது எனக்கு ஒருமுறையும் சிக்கல் வந்ததில்லை. வந்தவை எல்லாம் திரும்பும் வழியில்தான் வந்தன. உங்களுக்கும் அப்படித்தானா என்று அறிய விரும்புகிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று விமானம் ஓட்டத் தெரியாத நண்பர் ஒருவரை செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் அழைத்துச் சென்றேன். 85 கடல் மைல் தூரம். ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. முழங்கால் பலகையின் மீது வைத்த பென்சில் உருளாத அளவுக்குக் காற்று அமைதியாக இருந்தது. வழியில் ஒரு மலைத்தொடர் குறுக்கிடுகிறது. அதன் சரிவில் ஏறும் மின்கோபுர வரிசையைத்தான் வழிக்குறியாக வைத்திருந்தேன். காலையில் அவற்றை முகடு வரை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

மாலையில் கிளம்பும்போது வெப்பநிலை 31 டிகிரி, பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரி. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு டிகிரிக்கு 400 அடி என்று கணக்கிட்டால், திரள்மேகங்களின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 2,800 அடியில் இருக்க வேண்டும். மலைமுகடு ஓடுதளத்தைவிட 1,500 அடி உயரம். ஆக, தாளில் எனக்கு 1,300 அடி இடைவெளி இருந்தது. சரிவில் ஏறும் ஈரக்காற்று அதைவிடத் தாழ்வாகவே மேகமாகும் என்பதும், மழை பெய்த இடத்தில் குளிர்ந்த காற்று மேகத்தை இன்னும் கீழே கொண்டுவரும் என்பதும் தேர்வுக்குப் படித்தவைதாம். ஆனால் இன்ஜினை இயக்குவதற்கு முன் நண்பர் "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்று கேட்டார், நான் "ஆறு மணிக்கு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அவருக்கு அலுவலகம்.

மலையை நெருங்க நெருங்க நான் நூறு அடி, இருநூறு அடி என்று இறங்கிக்கொண்டே இருந்தேன். இறங்குகிறேன் என்ற உணர்வே இல்லை. மேகம் தட்டுப்படாமல் ஒதுங்குவதாகத்தான் நினைத்தேன். முன்கண்ணாடியில் நீர்த்துளிகள் விழுந்து மேல்நோக்கி ஓடத் தொடங்கின. அப்போது நண்பர், எந்தப் பதற்றமும் இல்லாமல், "காலையில் கோபுரங்கள் நிறைய இருந்தனவே?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். மூன்று மட்டுமே தெரிந்தன. மூன்றாவதற்கு மேற்பாதி இல்லை.

இடப்பக்கம் தரை தெளிவாகத் தெரிந்ததால் இடப்பக்கமாகவே திரும்பினேன். புறப்பட்ட ஓடுதளத்துக்கே வந்து இறங்கினோம். அந்த "ஆறு மணி" மட்டும் என் வாயிலிருந்து வந்திருக்காவிட்டால், பத்து நிமிடம் முன்பே திரும்பியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். இரவை விமானக் கழகத்தின் சோபாவில் ஒருவரும் தரையில் ஒருவருமாகக் கழித்தோம்.

---

2,300 மணி நேரம் பறந்த உறுப்பினர், பயிற்றுநர்:

நீங்கள் திரும்பியது சரி. கோபுரத்தின் மேற்பாதி மறைந்த பின் திரும்பியதுதான் தாமதம். தரை தெரியும்போதே திரும்புவதற்கும் மேகத்துக்குள் போன பின் திரும்புவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பல புதிய விமானிகள் உணர்வதில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள், அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நோக்கம் அவர்களைப் பயமுறுத்துவதன்று. தப்பிக்க ஒரு முறையைக் கற்றுத்தர முடியுமா என்று பார்ப்பதற்காகவே அது நடந்தது.

காரணம் கையிலோ துணிவிலோ இல்லை, காதில் இருக்கிறது. விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து சீராகத் திரும்பத் தொடங்கினால், உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் சில விநாடிகளில் குழலின் வேகத்துக்கே வந்துவிடும். அதன் பின் நேராகப் பறப்பதாகவே உடல் சொல்லும். அந்நிலையில் கருவியைப் பார்த்து இறக்கைகளைச் சமப்படுத்தினால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். பழகாதவர் மீண்டும் பழைய சாய்வுக்கே போவார். சாய்ந்த விமானத்தின் மூக்கு தாழும், வேகம் கூடும். அவர் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுப்பதால் சுழல் இன்னும் இறுகும்.

என் மாணவர்களுக்கு இதை வகுப்பறையில் சொல்வதில்லை. வெளியே தெரியாதபடி முகமூடியை மாட்டி, கண்ணை மூடச்சொல்லி, நான் விமானத்தை மெல்லச் சாய்த்துவிட்டு, "இப்போது எப்படிப் பறக்கிறோம்?" என்று கேட்பேன். "நேராக" என்பார்கள். கண்ணைத் திறந்து, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியைப் பார்த்ததும் சிலர் என்னைச் சந்தேகத்துடன் பார்ப்பார்கள். கருவியை நான் ஏதோ செய்துவிட்டேன் என்ற எண்ணம். அதற்குப் பிறகுதான் விநாடிக்கு 3 டிகிரி வீதம், ஒரு நிமிடத்தில் 180 டிகிரி திரும்பி வெளியேறக் கற்றுத்தருவேன். அது முட்டாள்தனத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இன்னொன்று. பயணிக்கு நேரம் சொல்லாதீர்கள். "வானிலை விட்டால் இன்று, விடாவிட்டால் நாளை, அவசரமென்றால் சாலை வழியாக" என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

---

310 மணி நேரம் பறந்த உறுப்பினர்:

சிக்கல் திரும்பும் வழியில்தான் வரும் என்பதை நான் ஏற்கவில்லை. எனக்குப் போகும்போதே வந்தது. அதுவும் மேகமே இல்லாத நாளில்.

பழைய செஸ்னா 150-இல் தனியாகப் பறந்துகொண்டிருந்தேன். முந்தைய இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளியே 18 டிகிரி. 2,400-இல் நிறுத்தியிருந்த ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை) சிறிது நேரத்தில் 2,300 காட்டியது. த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) தானாக நழுவியிருக்கும் என்று நினைத்து ஒரு விரல் அளவு உள்ளே தள்ளினேன், 2,400 வந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் 2,300. மறுபடியும் தள்ளினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது: நோயின் அறிகுறியை என் கையாலேயே இரண்டு முறை மறைத்திருக்கிறேன்.

மூன்றாம் முறை இன்ஜின் லேசாக நடுங்கியபோதுதான் கார்புரேட்டரில் பனி உறைகிறது என்று புரிந்தது. 18 டிகிரியில் பனியா என்று கேட்பவர்களுக்கு: கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் குறைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூடச் சரியலாம். காற்றில் ஈரம் இருந்தால் போதும். நிலையான கோணம் கொண்ட சுழலி (புரொப்பெல்லர்) உள்ள விமானத்தில் முதல் அறிகுறி ஆர்பிஎம் மெல்லக் குறைவதுதான்.

சூடான காற்றுக்கான குமிழை முழுவதும் இழுத்தேன். நிலைமை மோசமானது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் ஆர்பிஎம் மேலும் விழுந்தது. உருகிய பனி நீராக இன்ஜினுக்குள் போனதால் அது இருமியது, உதறியது. கை தானாகக் குமிழை உள்ளே தள்ளப் போனது. "மோசமானால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், கையை எடு" என்று என் பயிற்றுநர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்ததால், கையைத் தொடையின் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். உண்மையாகவே உட்கார்ந்துகொண்டேன். அரை நிமிடம் இருக்கும். இன்ஜின் ஒருமுறை பெரிதாகக் குலுங்கிவிட்டு மெல்லச் சீரானது. குமிழை உள்ளே தள்ளியதும் ஊசி 2,400-ஐத் தாண்டி நின்றது. நான் இருமுறை தள்ளிய த்ராட்டில் அப்படியே இருந்ததல்லவா!

கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மறந்துவிடலாம்.

---

190 மணி நேரம் பறந்த உறுப்பினர்:

என்னுடையது திரும்பும் வழிகூட அல்ல. திரும்பக் கிளம்பவே முடியாத கதை.

2,900 அடி உயரத்தில் இருந்த ஒரு புல் ஓடுதளத்துக்கு மூன்று பேராகப் போனோம். காலையில் 18 டிகிரி இருந்தபோது எளிதாக இறங்கினோம். பிற்பகலில் 34 டிகிரி. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பநிலை சுமார் 9 டிகிரி. அதைவிட 25 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று கூட்டினால் அடர்த்தி உயரம் ஏறத்தாழ 5,900 அடி ஆகிறது. அதாவது இன்ஜினும் சுழலியும் இறக்கையும் 5,900 அடியில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கையேட்டில் "முடியும்" என்று இருந்ததால்தான் ஓடுதளத்துக்குப் போனேன். கையேட்டின் அட்டவணை உலர்ந்த கெட்டித் தளத்துக்கானது, புல்லுக்குத் தனியாகக் கூட்ட வேண்டும் என்ற அடிக்குறிப்பைப் படித்திருந்தும், புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று நான் நடந்து பார்க்கவில்லை.

ஓடுதளத்தின் பாதி தூரத்தில், எழும்பத் தேவையான வேகத்தில் 70 விழுக்காடு வராவிட்டால் முயற்சியைக் கைவிட வேண்டும் என்பது பழைய விதி. 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) வேகத்தில் எழும்ப வேண்டிய என் விமானத்துக்கு அது 38 நாட் சொச்சம். பாதி தூரத்தில் ஒரு வெள்ளைக் கல் கிடந்ததை முன்பே குறித்து வைத்திருந்தேன். கல் கடந்தது; வேகமானியின் ஊசி 40 என்ற முதல் கோட்டின் பக்கமே போகவில்லை. த்ராட்டிலை இழுத்துவிட்டேன். பின்னால் இருந்தவர் "என்ன ஆயிற்று?" என்றார். "கல் வந்துவிட்டது" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மாலையில் வெப்பநிலை 24 டிகிரிக்கு இறங்கியதும், ஒருவரை அங்கேயே விட்டு இரண்டு பேராக எழும்பினோம். அவர் வேறு வழியில் வந்து சேர்ந்தார். இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

---

520 மணி நேரம் பறந்த உறுப்பினர்:

சுருக்கமாக ஒன்று. திரும்பும் வழியில், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செயலிழந்து, குறைமின்னழுத்த விளக்கு எரிந்தது. மேக்னெட்டோக்கள் தனியாக மின்பொறி தருவதால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி தீர்வதற்குள் நிலைமையை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில், ரேடியோ பழுது என்பதற்கான 7600 குறியீட்டை வைத்தேன். சற்று நேரத்தில் ரேடியோ அடங்கிவிட்டது. ஃபிளாப்களும் (மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்மடிப்புகள்) மின்சாரத்தில் இயங்குபவை என்பதால் அவை இல்லாமலே இறங்க வேண்டியிருந்தது. கோபுரத்திலிருந்து நிலையான பச்சை ஒளி வந்தால் இறங்கலாம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். பாடநூலில் அது பெரிய வட்டமாக இருக்கும். நேரில், வெயிலில், அது ஒரு குண்டூசித் தலை. இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது; பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இறக்கைகளை ஆட்டினேன். இறங்கிய பின், முதல் சுற்றிலிருந்தே ஒளி காட்டிக்கொண்டிருந்ததாகக் கோபுரத்தில் இருந்தவர் சொன்னார்.

---

140 மணி நேரம் பறந்த உறுப்பினர்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. என் முடிவு ஓட்டை என்று 310 மணி நேர உறுப்பினர் காட்டிவிட்டார், ஏற்றுக்கொள்கிறேன். நான் பறக்கும் விமானமும் கார்புரேட்டர் உள்ள பழைய 172 என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் குமிழை இழுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளைக் கல் யோசனையையும் எடுத்துக்கொண்டேன்.

பயிற்றுநர் சொன்னபடி, சென்ற வாரம் அதே நண்பரிடம் புறப்படும் முன்பே "இன்று திரும்பாமலும் போகலாம்" என்றேன். அவர் பதில் பேசாமல் பையைத் திறந்து காட்டினார். மாற்றுச் சட்டை ஒன்றும் பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் இருந்தன. அந்தச் சோபாவில் இம்முறை தனக்குத்தான் இடம் என்றார்.